நம்மாள் கேட்காத ஏலம்

தமுக்குச் சத்தம் சந்துக்குள் நுழைந்தபோது நஸீரா மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தாராவியில் சத்தத்துக்கா பஞ்சம்? தகரம் தட்டுகிற சத்தம், மெஷின் ஓடுகிற சத்தம், குழாயடிச் சண்டை எல்லாம் விடியும்போதே தொடங்கிவிடும். ஏதோ கல்யாண ஊர்வலம் என்றுதான் நினைத்தாள். அது நாகூர் கனியின் பட்டறையைத் தாண்டித் தன் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

இரும்பு ஏணியில் பாதி இறங்கிப் பார்த்தாள். வாசலில் பாங்குக்காரர்கள் மூன்று பேர். ஒருவன் தமுக்கை அடித்தான், ஒருவன் சுவரில் பசை தடவினான், கண்ணாடி போட்ட வசூல் அதிகாரி மராத்தியில் ஏல அறிவிப்பைப் படித்தார். சந்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அவள் புருஷன் அப்துல் ரவூப் மட்டும் உள்ளே பலகை மேல் தோலை விரித்துப் போட்டு வெட்டிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவில்லை. வெட்டு மட்டும் கோணிக் கோணிப் போயிற்று.

கீழே பட்டறை, மேலே குடித்தனம் என்று இருந்த வீடு அது. ரவூபின் வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்து, பழைய தோல்ஷாப் முதலாளி ஒருவரிடம் முறைப்படி பத்திரம் பதிந்து வாங்கிய இடம். சுற்றியிருந்த வீடுகளில் முக்கால்வாசிக்குப் பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. அதனாலேயே எந்த பாங்கும் அவற்றை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ரவூப் வீட்டுக்குப் பத்திரம் உண்டு என்பதில் சந்துக்கே கொஞ்சம் பொறாமை. கடைசியில் அந்தப் பத்திரம்தான் குழி பறித்தது. பத்திரம் இருந்ததால் பாங்கு கடன் கொடுத்தது. கடன் கொடுத்ததால் தோல் வாங்கினார். போன வருஷம் ஆடி மழையில் சாக்கடையும் கழிமுகத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பட்டறைக்குள் இடுப்பளவு ஏறி, வாங்கி வைத்த தோல் முழுவதும் ஊறிப் பூசணம் பிடித்துப் போயிற்று. பை ஆர்டர் கொடுத்தவன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். மில் ஸ்ட்ரைக் ஒரு வருஷத்தைத் தாண்டியும் முடியாமல் பம்பாயே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம். யாரிடம் போய்க் கைமாற்று கேட்பது? வட்டி மட்டும் மழைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் நிற்காமல் ஏறிற்று.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரவூப் வீட்டுக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நஸீரா பயந்து போனாள்.

"என்னங்க, என்னாச்சி?"

"ஒண்ணும் ஆகல பிள்ள. நல்லதுதான் ஆயிருக்கு." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "தொழுக முடிஞ்ச ஒடனே கரீம் பாட்சா எந்திச்சி நின்னாரு. ஜமாத் தலைவர்னா அவருதான் தலைவர். 'நம்ம ரவூப் வீடு ஏலத்துக்கு வருது. நம்மாளு எவனும் அந்த ஏலத்துல போயி கேக்கக் கூடாது. விழுந்து கெடக்கவன் வீட்ட வெல பேசுறது நமக்கு அடுக்காது'ன்னு சொன்னாரு. ஒருத்தர் வாயத் தொறக்கலயே! எல்லாரும் வந்து எங்கையப் பிடிச்சிட்டுப் போனாக. நாகூர் கனி மச்சான் கூட."

சொல்லச் சொல்ல அழுதார். தமுக்கு அடித்த அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்தது. நஸீராவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அடிமனசில் ஏதோ ஒன்று இடறியது. ஊர்க்காரர்கள் கேட்கவில்லை என்றால், யார் கேட்பார்கள்? யாருமே கேட்கவில்லை என்றால் என்ன ஆகும்? அதைப் புருஷனிடம் கேட்க வாய் வரவில்லை. பத்து மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த மனுஷன் இரண்டாம் தடவை சோறு வாங்கித் தின்றார்.

மறுநாள் சாயங்காலம் சுவரில் ஒட்டிய ஏல நோட்டீசின் நகலை முந்தானையில் முடிந்துகொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். பஞ்சாபகேசன் என்று ஒருவர், ஃபோர்ட்டில் வக்கீல் ஆபீசில் ஹெட் கிளார்க். அவர் தோளில் மாட்டிப் போகும் பை ரவூப் தைத்தது. வார் அறுந்தால் தாராவிக்கே வந்து உட்கார்ந்து தைத்து வாங்கிக்கொண்டு போவார். வேர்வையும் புழுக்கமுமாக மழைக்கு முந்தின மே மாசம். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வாங்கோ அம்மா, உள்ள வாங்கோ. ரவூப் பாய் சௌக்கியமா? ஷ்யாமளா, மோர் கொண்டு வா."

காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார்.

"ஜப்தி ஆயிடுத்து. அடுத்த மாசம் முதல் வாரம் உங்க எடத்துலயே வெச்சு ஏலம். எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி சொத்துக்கு டிஸ்ட்ரஸ்டு ப்ராப்பர்ட்டிம்பா."

"அப்படின்னா என்ன சார்?"

"எப்படிச் சொல்றது... கஷ்டத்துல மாட்டிண்ட சொத்து. வீட்டுக்கு ஒரு குறையும் இருக்காது. சுவர் நன்னா இருக்கும், பத்திரம் சுத்தமா இருக்கும். கஷ்டம் சொந்தக்காரனுக்கு. விக்காம அவனால தப்பிக்க முடியாது. நீங்க நாளைக்கு வாங்கோ, யோசிச்சுச் சொல்றேன்னு வாங்க வர்றவனைத் திருப்பி அனுப்பலாமா? அனுப்ப முடியாது. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்ச ஒடனே வெலை பாதியாயிடும்."

"வீட்ட எடுத்துக்கிட்டா கடன் தீந்துரும்லா? எங்க வீட்டுல அவுக அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காக."

"தீராது அம்மா. எல்லாரும் இங்கதான் ஏமாந்து போறா." அவர் குரலில் அலுப்பு இருந்தது, எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்த அலுப்பு. "ஏலத்துல என்ன வர்றதோ அதைத்தான் கடன்ல கழிப்பா. கடன் அறுபதாயிரம்னு போட்டிருக்கு. ஏலம் ஆரம்பிக்கற வெலை நாப்பது. நாப்பதுக்கே போயிடுத்துன்னா மிச்சம் இருபதும் உங்க தலையிலதான். அதுக்குத் தையல் மெஷினை எடுப்பா. அதே வீடு எண்பதுக்குப் போனா, கடன் போக மிச்சத்தை உங்க கையில கொடுத்துடணும். அதுதான் சட்டம்."

"எண்பதுக்குப் போகுமா சார்?"

"போகும். ரெண்டு பேர் போட்டி போட்டா போகும். அதுக்கு மேலகூடப் போகும். ஒரே ஆள் வந்தான்னா நாப்பதுக்கே தட்டிண்டு போயிடுவான். உங்க மனுஷாள்ல யாராவது வசதியானவா இல்லையா?"

"இருக்காக. ஆனா எங்க ஆளுக எவரும் கேக்கக் கூடாதுன்னு ஜமாத்துல சொல்லிட்டாக. எங்க மேல உள்ள பிரியத்துல சொன்னாக."

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஷ்யாமளா மோர்த் தம்ளரோடு அப்படியே நின்றாள்.

"நல்ல மனுஷாதான்," என்றார். "ஆனா அந்தப் பிரியம் உங்களை முழுகடிச்சுடும் அம்மா. போய்ச் சொல்லுங்கோ."

திரும்பி நடக்கும்போது நஸீரா கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். வீடு போகும் என்பது ஒருமாதிரி மனசில் படிந்துவிட்டது. மான்குர்த்தில் மகள் மர்யம் இருக்கிறாள், மருமகன் தங்கமான பையன். ஆனால் மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து எத்தனை நாள் தின்பது? மெஷின் நாலும் கையில் இருந்தால் கோவண்டியில் ஒரு சின்ன இடம் பிடித்து மறுபடியும் நாலு பை தைக்கலாம். மெஷினும் போனால், ஐம்பத்திரண்டு வயசில் ரவூப் இன்னொருத்தன் பட்டறையில் கூலிக்கு உட்கார வேண்டும். அது அவரால் ஆகாது. ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ராச்சோறு போடும்போது சொன்னாள். கருவாட்டுக் குழம்பில் கையை வைத்தபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் தட்டைத் தள்ளினார்.

"இப்ப என்ன செய்யணும்ங்குத? கரீம் பாட்சாட்ட போயி, ஐயா, எவனையாவது அனுப்பி என் வீட்ட வாங்கச் சொல்லுங்கன்னு கேக்கணுமா?"

"அப்படி இல்லங்க. வெல கூடும்லா. மெஷினாவது மிஞ்சும்."

"மெஷினு போனா போவட்டும்! எங்க வாப்பா கெட்டுன வீட்டுல நம்மாளு ஒருத்தன் ஏலத்துல எடுத்துக் குடியிருந்தா, நான் அந்தச் சந்துல எப்படி நடப்பேன்? அவம் மொகத்துல எப்படி முழிப்பேன்? வெளியாளு எடுத்தா எடுத்துட்டுப் போறான், அவன் யாரோ நான் யாரோ. ஊரே சேந்து எனக்கு ஒரு மரியாத செஞ்சிருக்கு. அத நீ கெடுத்துராத பிள்ள."

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். மேலே பேசிப் பயன் இல்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். இங்கே தடவிக் கொடுக்கிற கையே காலை ஒடிக்கிறது.

நாகூர் கனி வீட்டுக்குப் போனது மூன்று நாள் யோசித்த பிறகு. அவர் அவளுக்குச் சொந்த ஊர்க்காரர், அண்ணன் முறை. பெல்ட்டும் பர்ஸும் செய்கிற பெரிய பட்டறை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சைனப் தரையில் உட்கார்ந்து பக்கிள்களைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா தாயி. உக்காரு. ரவூப் சாப்புட்டாரா?"

"சாப்புட்டாக அண்ணே." சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அண்ணே, நீங்க எங்க வீட்ட ஏலத்துல கேக்கணும்."

நாகூர் கனி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பேச்சு பேசுத நீ? ஜமாத்துல தலையாட்டிட்டு வந்தவன் நான்."

மாட்டுங்கா ஐயர் சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லி முடித்ததும் எழுந்து போய் முற்றத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார்.

"நீ சொல்லுதது எனக்கு வெளங்குது. கணக்கு தெரியாதவனா நான்? ஆனா ஊரு என்ன சொல்லும்? எங்க வாப்பா மவுத்தான அன்னைக்கி சந்தூக்குக்கு முன்னால தோளு குடுத்தது உன் மாமனாரு. அவரு வீட்ட நான் ஏலத்துல எடுத்தேன்னு நாளைக்கி எம்பிள்ளைகளச் சொல்லிக் காட்ட மாட்டானா?"

"குர்லாவுல இருந்து ஒரு சேட்டு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டான் அண்ணே. சுவத்தத் தட்டிப் பாக்கான், கூரைய அண்ணாந்து பாக்கான். நாப்பதுக்கு அவன் கொண்டு போயிருவான். நீங்க கேட்டா அவனும் ஏத்துவான். நீங்க கடைசியில விட்டுட்டாலும் சரி, எடுத்தாலும் சரி. எங்களுக்கு மெஷினு மிஞ்சும்."

சைனப் பக்கிளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "உள்ளதச் சொல்லுங்களேன் அவகிட்ட. ஊரு ஊருன்னு எதுக்கு?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? மைனி, இவுகளுக்கு அந்தச் சுவத்த இடிச்சி ரெண்டு பட்டறையையும் ஒண்ணாக்கணும்னு பத்து வருசமா ஆச. ராத்திரில படுத்துக்கிட்டு சுவத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக."

நாகூர் கனிக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஆமா. ஆச உண்டுதான்," என்றார். "அதனாலதான் தாயி பயமா இருக்கு. ஆச இல்லன்னா ஒரு ஒத்தாசையா நெனச்சி வந்து கேட்டுட்டுப் போயிருவேன். ஆசய வச்சிக்கிட்டு வந்து நின்னா, நான் ஒத்தாசைக்கு வந்தேனா, கொத்திட்டுப் போக வந்தேனான்னு எனக்கே தெரியாது."

நஸீராவுக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லவனாக இருப்பதில் இத்தனை கஷ்டமா?

"எதுக்கு வந்தாலும் சரிண்ணே, நீங்க வாங்க. எங்களுக்கு வேண்டியது வெல. உங்க மனசு இல்ல."

அவர் சைனபைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்து மடித்தார்.

"வாரேன். ஆனா ரவூபுக்குத் தெரியாண்டாம். முன்னாலயே தெரிஞ்சா வாசல்லயே மறிச்சிருவாரு. முடிஞ்ச பெறகு நானே அவரு கையப் பிடிச்சிச் சொல்லிக்கிடுதேன்."

சரி என்றாள். அது சரியில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது, அதிலேயே நிறைந்து போனாள்.

ஏலத்தன்று காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டு இறுக்கியது. மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி பட்டறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ரவூப் விடியற்காலையில் எழுந்து பலகையைத் துடைத்து, மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு, துண்டுத் தோலையெல்லாம் பெருக்கி ஒதுக்கி வைத்தார். வெட்டுகிற பலகை மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார், அதிகாரி காகிதம் வைப்பதற்கு. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது.

"டீ போடு பிள்ள. வந்தவகளுக்கு ஒரு டீ கூடக் குடுக்கலன்னு இருக்கக் கூடாது."

இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டாள். அதிகாரி குடித்தார், பியூன் குடித்தான். குர்லா சேட்டு சஃபாரி சூட்டில் இரண்டு ஆட்களோடு வந்து, இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "சாய் படியா ஹை" என்று ரவூபைப் பாராட்டினான். ரவூப் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். வெளியே சந்து முழுக்க ஆட்கள், மௌத்து வீட்டு வாசலில் நிற்பதுபோல் சத்தமில்லாமல். யாரும் உள்ளே வரவில்லை. கரீம் பாட்சா கையைக் கட்டிக்கொண்டு வாசற்படி ஓரமாக நின்றார்.

நாகூர் கனி வந்தார். கரீம் பாட்சாவுக்கு சலாம் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நேராக உள்ளே வந்து பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ஏணிப்படியில் நின்ற நஸீரா முதலில் பார்த்தது அவர் இடுப்பைத்தான். அகலமான பச்சை பெல்ட்டின் பை புடைத்திருந்தது. ஏலம் முடிந்த கையோடு கட்ட வேண்டிய முன்பணம். சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டார். அல்லாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதிகாரி காகிதத்தைப் படித்தார். கேட்கிறவர்கள் கையைத் தூக்கித் தொகையைச் சொல்ல வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார். "சாலீஸ் ஹஜார்" என்று நாற்பதாயிரத்தில் தொடங்கினார்.

சேட்டு உட்கார்ந்தபடியே ஒரு விரலைத் தூக்கினான். "சாலீஸ் ஹஜார், பாஞ்ச் சௌ."

ஐந்நூறு ரூபாய் கூட்டியிருக்கிறான், பிச்சை போடுவதுபோல. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். நாகூர் கனி தொண்டையைச் செருமினார். பெல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் ரவூப் அவரைப் பார்த்தார். மெஷின்களுக்கு நடுவே நின்றவர் கிடுகிடுவென்று வந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டீகளா மச்சான்," என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஒருத்தரும் உள்ள வரல பாத்தீகளா. நீங்க மட்டும் எம்பக்கத்துல இருக்கணும்னு வந்துட்டீக. சுவத்த ஒட்டுன வீடு. நீங்க கேட்டிருந்தா எவன் குத்தம் சொல்லப் போறான்? ஆனாலும் நீங்க கேக்கல. மவுத்தாகுத வரைக்கும் இத நான் மறக்க மாட்டேன்."

"ஏக்," என்று அதிகாரி முதல் தரம் எண்ணினார்.

நாகூர் கனி கையை இழுக்கவில்லை. இழுக்கப் பார்த்திருக்கலாம், தோள் மட்டும் ஒரு தடவை அசைந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்து வழிந்தது. ஏணிப்படியில் நின்ற நஸீராவை நிமிர்ந்து பார்த்தார். தூக்குங்கண்ணே, தூக்குங்க என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். வாசலில் கரீம் பாட்சா பெருமையோடு இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோ."

"அண்ணே!" என்று கத்திவிட்டாள். அதற்கு மேல் சொல்ல வார்த்தை இருந்தது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொன்னால் புருஷன் பைத்தியக்காரன் ஆவார், அண்ணன் கள்ளன் ஆவார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரவூப் தலையைத் திருப்பி, கையை விடாமலே சொன்னார்:

"அழாத பிள்ள. மச்சான்தான் இருக்காகள்லா."

"தீன்," என்று அதிகாரி பலகையைத் தட்டினார்.

அவ்வளவுதான். சேட்டு எழுந்து பலகையருகே போனான். அவனுடைய ஆள் பணத்தை எடுத்து வைத்தான். அதிகாரி எழுதிக்கொண்டே நிமிராமல் ஹிந்தியில் சொன்னார்: வட்டியும் ஏலச் செலவும் சேர்த்து பாக்கி இருபதாயிரத்துச் சொச்சம் நிற்கிறது, மெஷின்களை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வோம், அதுவரை எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. பியூன் சாக்குக் கட்டியால் நாலு மெஷினிலும் குறி போட்டான்.

ரவூப் அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நஸீரா எல்லாம் சொல்லித்தான் இருந்தாள். ஆனாலும் அவருக்கு இப்போதுதான் அது புரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கை மட்டும் நாகூர் கனியின் கையை இன்னும் விடவில்லை.

சேட்டும் பாங்குக்காரர்களும் போன பிறகு சந்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நஸீரா இறங்கி வந்து டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அப்படி ஒரு அசதி. இப்படியே இந்தத் தரையில் படுத்துவிட்டால் போதும்போல் இருந்தது.

"ரவூபு," என்றார் நாகூர் கனி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என்னால கைய உருவ முடியலய்யா."

ரவூப் விளங்காமல் அவரைப் பார்த்தார். "என்ன மச்சான் சொல்லுதீக? எதுக்கு உருவணும்?"

நாகூர் கனியின் உதடு கோணிற்று. இன்னொரு வார்த்தை வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். நஸீரா கையில் கிளாஸ்களோடு நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த அத்தனையும் வாய் வரைக்கும் வந்தது. நீங்கதான், உங்க இந்த ரெண்டு கைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்கிவிடும். வீடு போய்விட்டது, மெஷின் போகப் போகிறது. அந்த மனுஷனுக்கு இன்றைக்கு மிஞ்சியிருந்தது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார் என்கிற ஒரு நினைப்பு மட்டும்தான்.

"உங்க கை நெருப்பாச் சுடுதாம்ங்க," என்றாள். "காய்ச்சலா இருக்கும்னு அண்ணன் பயப்படுதாக."

ரவூப் அப்போதுதான் கையை விட்டார். புறங்கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார், நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"இல்லையே பிள்ள," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."